ரெண்டு ரிங்

மூக்கையூர் ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில்
எங்கள் நோட் இருக்கிறது.
எண்ணெய் டின் அளவில் ஒரு பெட்டி. உள்ளே மோடம்,
பழைய ரேடியோ, உள்ளங்கை அகலக் கணினி,
லாரியில் கழற்றிய பேட்டரி.
கீழக்கரை ஜமீல் அனுப்புவதை வாங்கி
தூத்துக்குடிப் பக்கம் தள்ளிவிடும்.
பாக்கெட் என்றால் பொட்டலம்தான்:
மேலே யாருக்கு, யாரிடமிருந்து,
கடைசியில் சரிபார்க்க ஒரு கணக்கு.
ஓர் எழுத்து நனைந்திருந்தாலும்
பிரிக்காமலே எறிந்துவிடும்.

மாதம் ஒருமுறை அதுவே செத்துக் கிடக்கும்.
ராமநாதபுரத்தில் இருக்கும் எனக்கு
ஜமீல் திட்டினால்தான் தெரியும்.
சாயல்குடி பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ,
இரும்பு ஏணி, பதினேழு படி.
ஒரு பொத்தானை அமுக்க அரை நாள்.
அமுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.
கீழே பார் உடைக்கிற சத்தம்.
பிறகு திரும்பும் பஸ்.

ஆகவே ஆனியில் ஒரு வாரம் லீவு போட்டு
அதற்கொரு பக்கம் செய்தேன், போனில் பார்க்கிற மாதிரி.
கடைசியாக யாரைக் கேட்டது, எத்தனை நிமிடம் முன்பு.
அனுப்பியவை, திரும்ப அனுப்பியவை, கெட்டுப்போனவை.
பேட்டரி வோல்ட். பெட்டிக்குள் சூடு.
சோலார் பலகையிலிருந்து இறங்கும் ஆம்பியர்.
நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும்.
பல் தேய்க்கையில் பார்த்தேன், பந்தியில் பார்த்தேன்,
தாசில்தார் கூட்டத்தில் மேசைக்கடியில் பார்த்தேன்.
பதின்மூன்று புள்ளி ஒன்று.
பதின்மூன்று புள்ளி ஒன்று.
எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படிப் பார்த்தீங்களா
என்றாள் தமயந்தி.
அவளுக்கு வரைபடம் இல்லை.

ஆடியில் கச்சான் கிளம்பியது.
உச்சிவேளை ஆம்பியர் தினம் ஒரு முடியளவு இறங்கியது.
இரண்டு ஒன்பது. இரண்டு ஏழு. இரண்டு மூன்று.
மேகம் என்றால் கோடு துள்ளும்.
இது கண்மாய் வற்றுகிற மாதிரி வற்றியது.
உப்பும் மணலும் பலகையில் படிகிறது.
ஒன்று ஆறு வந்ததும்
சனிக்கிழமை போகலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு
கோடு செங்குத்தாக எழுந்து
மூன்றில் போய் நின்றது.
மழையில்லை. ஆடியில் மூக்கையூரில் மழை பெய்தால்
பேப்பரில் வரும்.
சென்சார் கோளாறென்று
இரவு ரெண்டு மணி வரை நோண்டினேன்.
கோளாறு ஒன்றும் இல்லை.

காலையில் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
அதுவா, மிக்கேலம்மா ஏறுச்சு, என்று
சூப்பர்வைசர் போனைக் கைமாற்றினார்.
"சேலை காயப்போடப் போனேன்.
கண்ணாடி பூத்துப்போய்க் கிடந்துச்சு.
ஐஸ் தண்ணி தொட்டுத் துடைச்சேன். தப்பா சார்?"
தப்பில்லை என்றேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்
பலகை சாய்ந்திருக்கும் கோணத்தைப் பற்றிச்
சொல்லிக்கொண்டிருந்தேன்.
காசு தருகிறேன் என்றதற்கு
"ஏறுறது ஏறுறேன், அதுக்கென்ன" என்றாள்.
"துடைச்சா உங்களுக்குச் சொல்லணுமா?"
ஒரு மிஸ்டு கால் போதும்.

பத்து நாளைக்கு ஒருமுறை
ரெண்டு ரிங் வந்து கட்டாகிறது.
பாக்கெட்டில் ஒரு விதி உண்டு.
வந்து சேர்ந்தது என்று பதில் வரும்வரை
அனுப்பியவன் விடமாட்டான், திரும்ப அனுப்புவான்.
நானும் உடனே ரெண்டு ரிங் கொடுத்துவிடுகிறேன்.
மறந்தால் மறுபடி அடிக்கிறாள்.
பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்:
பலகை துடைத்தது, மிக்கேலம்மாள், தேதி.
அதற்கு மட்டும் சென்சார் கிடையாது, கையால் தட்டுகிறேன்.
ஜமீல் கேட்டான்: யாரிது, புது ஹாமா?
கால்சைன் என்ன?

ஐப்பசி பிறந்துவிட்டது. ராத்திரி முழுக்க மழை.
விடிந்ததும் கோடு தன்னால் மேலே.
கட்டத்தில் யார் பெயரைப் போட?
காலியாக விட்டேன்.
மத்தியானம் ரெண்டு ரிங்.
வரைபடத்தில் ஒரு அசைவும் இல்லை.
துடைக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது.
எதற்கென்று கேட்கவில்லை,
திருப்பி அடித்தேன்,
ரெண்டு.